பாஞ்சாலங்குறிச்சியின் மண்சுவர்

நம் நாட்டு வரலாற்றை எழுதப் புகுந்த அறிஞர்கள் பெரும்பாலும் கல்லையும் செம்பையுமே சான்றாகக் கொண்டனர். கோயிற் சுவரிற் பொறித்த சாசனம், மன்னன் வழங்கிய செப்பேடு, மண்ணிலிருந்து கிடைத்த நாணயம் ஆகிய இவையே அவர்களுக்குத் துணை நின்றன. மக்கள் குடியிருந்த வீடு அவ்வாறு துணை நிற்பது அரிது. அது மண்ணால் ஆனது. கூரை சரிந்தால் நான்கைந்து மழைக்காலத்துக்குள் மீண்டும் மண்ணோடு கலந்துவிடுவது. கோவில்பட்டிக்கு மேற்கே கழுகுமலையில், ஒரே பாறையைக் குடைந்து பாண்டியர் காலத்தில் அமைத்த வெட்டுவான் கோயில் முற்றுப்பெறாத நிலையிலும் இன்றளவும் நம்மை வியக்க வைக்கிறது. ஆனால், அக்கோயிலைச் செதுக்கிய சிற்பி மாலையில் உளியை வைத்துவிட்டு எத்தகைய வீட்டுக்குத் திரும்பினான்? அவன் வீட்டுத் திண்ணை எவ்வளவு உயரம்? அவன் வீட்டார் தானியத்தை எங்கே சேமித்து வைத்தனர்? இவ்வினாக்களுக்கு விடை கூற ஒரு குட்டிச்சுவரும் எஞ்சவில்லை.

இக்குறையை ஓரளவு நீக்கக்கூடிய ஓர் இடம் கரிசல் நாட்டில் உண்டு. கோவில்பட்டிக்குத் தென்கிழக்கே, ஒட்டப்பிடாரத்தை அடுத்துள்ள பாஞ்சாலங்குறிச்சியே அது. வீரபாண்டியக் கட்டபொம்மனின் பெயரால் அவ்வூரை நாம் அனைவரும் அறிவோம். அவனுடைய வீரத்தைப் பற்றிப் பலர் பேசியிருக்கிறார்கள். நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் அவன் குடியிருந்த வீடும், அவ்வீட்டைச் சூழ்ந்து நின்ற மண்சுவருமே. அச்சுவர் எதனால் ஆயிற்று, எவ்வாறு இடிந்தது, எவ்வாறு மீண்டும் எழுந்தது என்பதை ஆராய்ந்தால், ஒரு வீட்டின் வலிமை எங்கே இருக்கிறது என்பது விளங்கும்.

முதலில் அந்நிலத்தின் இயல்பைக் காண்போம். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஒட்டப்பிடாரம் ஆகிய வட்டாரங்களிற் பரந்து கிடப்பது கரிசல் மண். வற்றாத ஆறு அங்கே இல்லை. வடகிழக்குப் பருவமழையை நம்பியே உழவு நடைபெறுகிறது. பெய்த மழையை நெடுநாள் தன்னுள் வைத்துக் காப்பது கரிசலின் சிறப்பு. ஆகவே பருத்தியும் கம்பும் சோளமும் அங்கே விளைகின்றன. ஆயினும், உழவனுக்கு நன்மை செய்யும் இக்குணமே வீடு கட்டுபவனுக்குப் பகையாகிறது. அம்மண்ணிலுள்ள நுண்ணிய களித்துகள்கள் நீரை ஏற்றவுடன் விரிவடையும். வெயிலிற் காய்ந்தவுடன் சுருங்கும். கார்த்திகையில் வீங்கிய நிலம் சித்திரையில் ஆழமாக வெடித்துக் கிடக்கும். அத்தகைய நிலத்தின்மேல் அடித்தளம் சரியின்றி எழுப்பிய சுவர் சில ஆண்டுகளிற் பிளந்துவிடும்.

இதனை அந்நாட்டு மக்கள் நன்கு அறிந்திருந்தனர். கரிசலுக்கிடையே எங்கேனும் சற்று மேடாகச் செம்மண்ணோ சரளையோ கண்டால், அங்கேதான் ஊர் அமைத்தனர். செம்மண் நிலத்துக்கு அங்கே செவல் என்று பெயர். கோவில்பட்டிக்குத் தெற்கேயுள்ள இடைசெவல் என்னும் ஊர்ப்பெயரில் அச்சொல் நிலைத்து நிற்பதைக் காணலாம். மேட்டு நிலம் கிடைக்காத இடத்தில், கரிசலைத் தோண்டி நீக்கி, அதன் அடியிற் கிடக்கும் கெட்டியான சுக்கான் படிவத்தை எட்டிய பிறகே கடைக்கால் போட்டனர். அச்சுக்கானையே சுட்டுச் சுண்ணாம்பும் எடுத்தனர்.

சுவர் வைக்கும் முறையும் அறியத்தக்கது. மண்ணை நீர் விட்டு ஊறவைத்து, வைக்கோலோ உமியோ கலந்து, காலால் நன்றாக மிதித்துப் பதப்படுத்துவர். பிறகு அதனை உருண்டைகளாக எடுத்து, ஏறத்தாழ ஒரு முழ உயரத்துக்கு அடுக்கி அறைவர். அவ்வடுக்கு காய்ந்து இறுகிய பின்னரே அடுத்த அடுக்கு. கூரைக்கு வேண்டிய அனைத்தையும் பனை தந்தது. முதிர்ந்த பனையின் வைரம் உத்திரமாயிற்று. அதன் கை வரிச்சலாயிற்று. அதன் ஓலை கூரையாயிற்று. வீட்டின் முன்னே திண்ணை. உள்ளே நுழைந்தால் முற்றமும் தாழ்வாரமும். ஒருபுறம் மாட்டுத் தொழு. வீட்டுக்குள் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் குலுக்கை. குலுக்கை என்பது மண்ணாற் செய்த தானியக் களஞ்சியம். மேல்வாய் வழியாகக் கம்பையோ சோளத்தையோ கொட்டி மூடிவிடுவர். வேண்டும்போது கீழேயுள்ள துளையைத் திறந்து எடுத்துக்கொள்வர். மழை பொய்க்கும் நாட்டில் ஒரு குடும்பத்தின் உயிர் அக்குலுக்கைக்குள் இருந்தது என்று கூறினால் மிகையாகாது.

இத்தகைய நிலத்தில் எழுந்ததுதான் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையம். மதுரையில் 1529-ஆம் ஆண்டில் நாயக்கர் ஆட்சியைத் தொடங்கிய விசுவநாத நாயக்கரும், அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பகுத்தனர் என்பது வரலாறு. பாளையக்காரர் வரி தண்டினர், காவல் புரிந்தனர், போர்க் காலத்திற் படை அனுப்பினர். தெலுங்கு நாட்டிலிருந்து தெற்கே வந்து கரிசலிற் குடியேறிய கூட்டத்தார் பலர். அவ்வாறு காடு திருத்தி ஊர் அமைத்த மக்களின் கதையைத்தான் இடைசெவலிற் பிறந்த கி. ராஜநாராயணன் 1976-இல் வெளிவந்த 'கோபல்ல கிராமம்' என்னும் நாவலாக எழுதினார். கட்டபொம்மனின் முன்னோரும் அவ்வாறு வந்தவர்களே. தன்னை விரட்டிய வேட்டை நாய்களை ஒரு முயல் எதிர்த்து நின்று விரட்டியதைக் கண்டு, இம்மண்ணுக்கு ஏதோ ஆற்றல் உண்டென்று கருதி அவ்விடத்திற் கோட்டை கட்டினர் என்று ஒரு கர்ண பரம்பரைக் கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், வீரம் மண்ணில் இருக்கிறது என்று அம்மக்கள் நம்பினர் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அக்கோட்டை எவ்வளவு பெரியது? 1959-இல் வெளிவந்த புகழ் பெற்ற திரைப்படத்தைக் கண்டவர்களின் மனத்தில் வானளாவிய மதில்கள் தோன்றக்கூடும். 1801-ஆம் ஆண்டுப் போரிற் பங்குகொண்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, தம் போர் நினைவுகளைப் பிற்காலத்தில் நூலாக வெளியிட்டார். அவர் தரும் அளவுகள் வேறு. கோட்டையின் நீளம் 500 அடி, அகலம் 300 அடி. சுவரின் உயரம் ஏறத்தாழ 12 அடி. சதுரமான சிறு கொத்தளங்கள். சுற்றிலும் அடர்ந்த முள்வேலி. கல் என்பதே இல்லை. முழுவதும் பசைமிக்க கெட்டி மண். பரப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள்: மூன்றரை ஏக்கருக்கும் சற்றுக் குறைவு. வேலூர்க் கோட்டையின் கருங்கல் மதிலையும் அகழியையும் கண்ட ஒருவன் இதனைக் கோட்டை என்றே ஒப்புக்கொள்ள மாட்டான். மண்சுவர் சூழ்ந்த பெரிய வீடு என்றே எண்ணியிருப்பான். ஒருவகையில் அவன் எண்ணம் சரியே. கரிசற் குடியானவன் தன் வீட்டை எம்முறையிற் கட்டினானோ, அம்முறையிலேதான் பாளையக்காரனும் தன் கோட்டையைக் கட்டினான். அளவில் வேற்றுமை உண்டு. முறையில் வேற்றுமை இல்லை.

இச்சுவரின் மீதுதான் கிழக்கிந்தியக் கும்பினியின் பார்வை விழுந்தது. 1792-இல் ஆர்க்காட்டு நவாபுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால், பாளையக்காரரிடமிருந்து திறை தண்டும் உரிமை கும்பினிக்குக் கிட்டியது. திறைப்பாக்கியிற் பிறந்த பகை 1798-இல் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனோடு நேர்ந்த மோதலால் முற்றியது. 1799-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினான். முதல் தாக்குதல் பலிக்கவில்லை. ஆங்கில அதிகாரிகள் சிலர் அச்சுவரடியிலேயே மாண்டனர். ஆயினும், பெரும்படை வருவதறிந்து கட்டபொம்மன் கோட்டையைவிட்டு வெளியேறினான். பின்னர்ப் பிடிபட்டு, அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றில் ஒரு புளிய மரத்திற் தூக்கிலிடப்பட்டான். பாளையக்காரர்கள் தங்கள் கோட்டைகளை இடித்துவிட வேண்டும், படைக்கலங்களை ஒப்படைக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. நாகலாபுரம், ஏழாயிரம்பண்ணை, கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர் ஆகிய கரிசல் நாட்டுப் பாளையங்களும் பறிமுதல் செய்யப்பெற்றன. பாஞ்சாலங்குறிச்சிச் சுவர் தரையோடு தரையாயிற்று.

இனித்தான் நம் பொருளின் உயிரான பகுதி வருகிறது. 1801-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினான். ஒரு வாரம் கழித்துக் கும்பினிப்படை பாஞ்சாலங்குறிச்சியை அடைந்தபோது, இடித்துத் தள்ளிய சுவர் முழுவதும் மீண்டும் எழுந்து நிற்பதையும், அதன்மேல் ஏறத்தாழ 1,500 வீரர் ஆயுதத்தோடு நிற்பதையும் கண்டு திகைத்தது. வெறும் ஆறு நாட்களிற் கோட்டை கட்டி முடிந்துவிட்டது!

இது நம்பத்தக்கதா என்று மாணவர்கள் கேட்கலாம். சிறு கணக்கு ஒன்று போடுவோம். 500 அடி நீளமும் 300 அடி அகலமும் உள்ள இடத்தின் சுற்றளவு 1,600 அடி. வேலை செய்தவர் 1,500 பேர் என்று கொண்டால், ஒவ்வொருவர் பங்குக்கும் ஓரடி நீளச் சுவரே வருகிறது. பாறையை உடைக்க வேண்டியதில்லை; சூளையிற் செங்கல் வேக வேண்டியதில்லை; தொலைவிலிருந்து கொத்தர் வர வேண்டியதில்லை. இடிந்த சுவரின் மண் அங்கேயே கிடந்தது. அதை மிதிக்கக் கால்களும், எடுத்து அறையக் கைகளும் இருந்தன. அக்கைகள் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. ஒவ்வொருவனும் தன் வீட்டுச் சுவரைத் தானே வைத்தவன். ஆண்டுதோறும் மழைக்கு முன்னர் அதனைப் பூசிச் செப்பனிட்டவன். ஆகவே பானர்மன் இடித்தது சுவரை மட்டுமே. சுவர் வைக்கும் அறிவை அவனால் இடிக்க முடியவில்லை என்று நான் கருதுகிறேன். கோட்டைகள் இடிந்ததும் எதிர்ப்பும் இடிந்தது என்று கும்பினி கணக்கிட்டது. மண் வீட்டின் இயல்பை அறியாததால் வந்த பிழைக் கணக்கு அது.

அவ்வாண்டு மார்ச்சு 31-ஆம் நாள் மேஜர் மெக்காலே அச்சுவரைத் தாக்கிப் பெருஞ்சேதத்தோடு பின்வாங்கினான். சுவருக்குப் பின்னிருந்த வீரர்கள் பதினெட்டு, இருபது அடி நீளமுள்ள ஈட்டிகளால் ஏறி வந்தவர்களைக் குத்தித் தள்ளினர். கருங்கல் மதிலைப் பீரங்கிக் குண்டு தாக்கினால் கல் பிளந்து சிதறும். கெட்டியான மண்சுவரிலோ குண்டு புதைந்து தங்கிவிடும். துளை மட்டுமே உண்டாகும். அதனை இரவோடிரவாக அடைத்துவிடலாம். வடநாட்டிற் பரத்பூர்க் கோட்டையும் இதனையே மெய்ப்பித்தது. 1805-இல் ஜெனரல் லேக் நான்கு முறை தாக்கியும் அதன் மண்மதிலைக் கடக்க முடியவில்லை. இருபத்தோராண்டு கழித்து, 1826-இல்தான் ஆங்கிலேயர் அதனைப் பிடித்தனர்.

பாஞ்சாலங்குறிச்சி அவ்வளவு காலம் தாங்கவில்லை. கர்னல் அக்னியூ கூடுதற் படையோடும் கனத்த பீரங்கிகளோடும் வந்து, 1801-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் கோட்டையைக் கைப்பற்றினான். உள்ளே நுழைந்த ஆங்கிலேயர், குண்டுகளிலிருந்து தப்புவதற்காக அங்கிருந்தோர் நிலத்தை அகழ்ந்து பதுங்கிடங்கள் அமைத்திருந்ததைக் கண்டு வியந்தனர். மண்ணாற் சுவர் வைத்தவர்கள் மண்ணுக்குள்ளேயே வாழ்ந்திருக்கிறார்கள். தப்பிச் சென்ற ஊமைத்துரை, சிவகங்கையில் மருது சகோதரர்களோடு சேர்ந்து போரிட்டுப் பிடிபட்டான். அவ்வாண்டு நவம்பர் 16-ஆம் நாள், தான் எழுப்பிய அச்சுவர் நின்ற ஊரிலேயே அவன் தூக்கிலேறினான்.

இம்முறை இடித்ததோடு கும்பினி அமையவில்லை. கோட்டை நின்ற இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தனர் என்றும், அரசாங்கப் பதிவேடுகளிலிருந்து ஊரின் பெயரையே நீக்கினர் என்றும் செய்தி வழங்குகிறது. பகைவர் அரணை அழித்துக் கழுதை பூட்டி உழும் பண்டைய வழக்கத்தைப் புறநானூற்றுப் பாடல்கள் சில குறிப்பிடுகின்றன. பழைய வேந்தரும் புதிய வணிகரும் இவ்விடயத்தில் ஒரே மனம் உடையவர்களாக இருந்தனர் போலும்! அப்போர்களில் மாண்ட ஆங்கிலேயரின் கல்லறைகளை மட்டும் செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டி வைத்தனர். அவை அவ்வட்டாரத்தில் இன்றும் உள்ளன.

ஆனால், நாட்டுக் கலப்பையின் கொழு எவ்வளவு ஆழம் செல்லும்? ஒரு சாணுக்கு மேற் செல்வது அரிது. அதற்குக் கீழே இருந்ததை ஏர் தொடவில்லை. ஏறத்தாழ 167 ஆண்டுகளுக்குப் பின், 1968-69-இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் அவ்விடத்தை அகழ்ந்தனர். கட்டபொம்மன் வாழ்ந்த மாளிகையின் அடித்தளம் வெளிப்பட்டது. வெளிமதில் மண்ணாயினும், மாளிகையின் சுவர்கள் செங்கல்லாற் கட்டி நயமான சுண்ணச்சாந்து பூசியவை என்பது தெரியவந்தது. மன்னன் அமரும் மேடையோடு கூடிய கொலு மண்டபமும், கலியாண மண்டபமும் எவையென அடையாளம் கண்டனர். பதிவேட்டிலிருந்து நீக்கிய பெயருக்கு நிலமே பதிவேடாயிற்று.

இன்று அங்கே செல்பவர்கள் முதலிற் காண்பது 1974-இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டையை. அது நன்றியறிதலின் சின்னம், போற்றத்தக்கது. ஆனால், அதனைக் கண்டு திரும்பிவிடாதீர்கள். அதனருகே, முழங்கால் உயரமும் இல்லாத செங்கல் வரிசைகளாகக் கிடக்கும் பழைய அடித்தளத்தையும் பாருங்கள். எந்த அறையிலிருந்து எந்த அறைக்குச் சென்றிருப்பர், காற்று எப்புறமிருந்து வந்திருக்கும், கூரையின் நீர் எங்கே வடிந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டே நடந்து பாருங்கள். நினைவுக் கோட்டை கட்டபொம்மனை நாம் எவ்வாறு நினைக்கிறோம் என்பதைக் காட்டுகிறது. அடித்தளமோ அவன் எவ்வாறு வாழ்ந்தான் என்பதைக் காட்டுகிறது.

இதனோடு வேறொரு மாளிகையையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கோவில்பட்டிக்குக் கிழக்கேயுள்ள எட்டயபுரத்துப் பாளையக்காரர் அப்போர்களிற் கும்பினியின் பக்கம் நின்றனர். பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் ஒரு பங்கும் பெற்றனர். அவர்களுடைய அரண்மனையை எவரும் பீரங்கியால் தாக்கவில்லை. எவரும் அங்கே ஆமணக்கு விதைக்கவில்லை. 1803-இல் அவர்கள் ஜமீன்தாரர் ஆயினர். பாரதியாரின் தந்தை அந்த அரண்மனையிற் பணி செய்தவர். இளம் சுப்பிரமணியனுக்குப் 'பாரதி' என்னும் பட்டம் கிடைத்ததும் எட்டயபுரத்திலேயே. ஆயினும் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன் முறை ஒழிந்தபின், பேணுவார் குறைந்து, அப்பெருங்கட்டடம் சிதைந்து நிற்கிறது. அதே ஊரிற் பாரதியார் 1882-இற் பிறந்த சிறு வீடோ செம்மையாகப் பாதுகாக்கப்பட்டு வருகிறது. பகைவன் இடித்த வீட்டுக்கு அடித்தளம் எஞ்சியது. கவனிப்பற்ற வீட்டுக்கு ஒவ்வொரு மழையும் ஒரு முற்றுகை.

மண் கட்டடம் நெடுநாள் நில்லாது என்று சொல்வது முழு உண்மையன்று. ஏமன் நாட்டிலுள்ள ஷிபாம் நகரில், பதினாறாம் நூற்றாண்டில் உருப்பெற்ற மண் வீடுகள் பல அடுக்குகளோடு வானுயர நிற்கின்றன. ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் ஜென்னே நகரத்துப் பெரிய பள்ளிவாசல் முழுவதும் மண்ணாலானது. இப்போதுள்ள கட்டடம் 1907-இல் முடிவுற்றது. ஆண்டுக்கு ஒருமுறை ஊரார் அனைவரும் ஒன்றுகூடித் திருவிழாவைப்போல அதற்கு மண் பூசுகின்றனர். கல் வீடு கட்டியவன் இறந்த பிறகும் தானாக நிற்கும். மண் வீடோ ஒவ்வோர் ஆண்டும், 'என்னைக் காப்பவர் உண்டா?' என்று கேட்கும். பாஞ்சாலங்குறிச்சி மக்கள் 1801-இல் ஆறு நாட்களில் அக்கேள்விக்கு விடை கூறினர்.

மாணவர்களே, கரிசல் ஊர்களிற் பழைய மண் வீடுகள் இன்னும் சில எஞ்சியிருக்கின்றன. கூரை இழந்து, குலுக்கை உடைந்து, முற்றத்தில் முட்செடி மண்டிக் கிடப்பவை அவற்றிற் பல. அவை அனைத்தையும் காப்பது இயலாது. எல்லோரும் மீண்டும் மண் வீட்டில் வாழ வேண்டும் என்றும் நான் கூறவில்லை. ஆயினும் ஒன்று செய்யலாம். விடுமுறை நாளில் ஓர் அளவுநாடாவையும் நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு செல்லுங்கள். சுவரின் கனம் எவ்வளவு, திண்ணையின் உயரம் எவ்வளவு என்று அளந்து, வீட்டின் அமைப்பை வரைந்துகொள்ளுங்கள். அந்தச் சுவரை வைத்த கைகளை நினைவில் வைத்திருக்கும் முதியவர் எவரேனும் ஊரில் இருப்பார். மண்ணோடு எதைக் கலந்தார்கள், எத்தனை நாள் காய வைத்தார்கள், ஒவ்வொரு பகுதிக்கும் என்ன பெயர் சொன்னார்கள் என்று அவரிடம் கேட்டு, அவர் கூறும் சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அகழ்வாராய்ச்சியில் அடித்தளம் கிடைக்கும், ஓடு கிடைக்கும், காசும் கிடைக்கும். சுவர் வைக்கும் அறிவு கிடைக்காது. அது இன்று முதியோர் சிலரிடமே தங்கியிருக்கிறது. அவர்களிடம் கேட்பதற்கு நமக்கு உள்ள காலமும் குறைவே.